நான்காம் வழிப் பிரிவு

ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் தெருவில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அந்த வேலையை விட்டபாடில்லை. கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை வாங்காமல் படி இறங்க மாட்டார். கடைக்காரர் தவறிப்போய்க் கூடுதலாகக் கொடுத்துவிட்டாலோ, அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் இருந்த காலத்தில் சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். ஆள் இறங்குவதற்குள் எங்கேயாவது புரட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஒருமுறை அசந்து தூங்கிய ஒருவரைத் தட்டி எழுப்பிப் பாக்கியைக் கொடுத்தபோதுதான், அந்த ஆள் இறங்கவேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கடன் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது, அதுவும் கிரெடிட் கார்டு கடன்.

ஓய்வு பெற்ற வாரம், டிப்போ வாசலில் டை கட்டிய ஒருவர் குடை விரித்து உட்கார்ந்து, கார்டு வாங்கினால் தோள்பை இலவசம் என்றார். கண்டக்டருக்குத் தோள்பை பிடித்திருந்தது. கார்டு கூடவே வந்தது. அதைத் தேய்த்து ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். பென்ஷன் வரத் தாமதமான சில மாதங்களில் தவணை தவறியது. தவறியதற்கு அபராதம், அபராதம் கட்டாததற்கு வட்டி, வட்டி ஏறிய செய்தியைத் தெரிவித்த கடிதத்துக்கு ஒரு கட்டணம். ஃபிரிட்ஜின் விலையை இரண்டு தடவை கட்டிய பிறகும் கடன், வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடக் கொழுத்துப்போய் நின்றது. அதற்குமேல் முடியாமல் விட்டுவிட்டார். ஃபிரிட்ஜ் செத்துப் பழைய இரும்புக்குப் போயாயிற்று. தோள்பை மட்டும் இன்னும் உழைக்கிறது.

பேங்க் அந்தக் கடனை ஒரு கம்பெனிக்கு விற்றது. அந்தக் கம்பெனி இன்னொன்றுக்கு விற்றது. எல்லோரும் மறந்துபோன ஒரு காலத்தில், காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்த எடுப்பிலேயே, "கடனோடயே போய்ச் சேந்துடலாம்னு பாக்கறீங்களா பெரியவரே?" என்று கேட்டது. மறுநாளும் பத்து மணிக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.

வீட்டில் அவரும் தங்கையும்தான். வயது எழுபதைத் தொட்ட பிறகும் அந்த அம்மாளுக்குச் சின்னவள் என்ற பெயர்தான் நிலைத்திருந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே நிற்பது அண்ணனா அலமாரியா என்பதைக் குரல் கேட்டுத்தான் முடிவு செய்வாள். அவள் ஆபரேஷனுக்கென்று கண்டக்டர் பென்ஷனிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த தொகை பேங்கில் கிடந்தது. வீட்டில் அதற்குக் கண் பணம் என்று பெயர். டாக்டர் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்.

போன் அடித்தால் சின்னவள் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளி, மேலே சாய்ந்துகொள்வாள்.

"எடுக்காத அண்ணா. பேசினாத்தானே வம்பு."

"கூப்பிடறாங்கல்ல? என்னன்னு கேக்க வேண்டாமா?"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொன்னவனுக்குக் கிரெடிட் கார்டு இருந்திருக்காது."

கண்டக்டரால் அப்படி இருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க எவன் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்த கழுத்து அது. அந்தச் சமயத்தில்தான் ஒரு பஸ்ஸின் முதுகில் விளம்பரம் பார்த்தார்: 'பழைய கடனா? சட்டம் உங்கள் பக்கம். வாருங்கள், பேசுவோம். முதியோர் பழங்கடன் நிவாரண வாரியம்.' வேறு எங்கே எழுதியிருந்தாலும் யோசித்திருப்பார். பஸ்ஸில் எழுதியிருந்ததால் நம்பிவிட்டார்.

வாரியத்தின் கட்டடம் பெரிது. உள்ளே நுழைந்ததும் டோக்கன் கொடுத்தார்கள். கூடத்தில் வரிசையாக வயசாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சாப்பாட்டு டப்பாவோடு, சிலர் தலையணையோடு. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். பல வருடமாக வருகிறாராம். கடன் தீர்ந்ததா என்று கேட்டதற்கு, "அது கிடக்குது. இங்க காத்தோட்டம் நல்லாருக்கு" என்றார்.

முதலில் போகவேண்டியது அனுதாபப் பிரிவு. அங்கே இருந்த அம்மாள் கண்டக்டரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தலையைச் சாய்த்து, "இந்த வயசுல உங்களுக்கு இப்படி ஒரு கஷ்டம் வரக்கூடாதுங்கய்யா" என்றாள். கண்டக்டருக்கு மனசு இளகியது. கண் கலங்கி, தங்கைக்காகச் சேர்த்த கண் பணம்வரை சொல்லிவிட்டார். அடுத்த நொடி மனசு இறுகியது. குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, தினம் காலைல பத்து மணிக்கு..."

"ஆமாங்கய்யா, நான்தான். காலைல கம்பெனி ஷிப்ட், மத்தியானத்துக்கு மேல வாரியம். திட்டறதுக்கு ஒரு ஆள், வருத்தப்படறதுக்கு ஒரு ஆள்னு வைக்கக் கட்டுப்படி ஆகலையாம்." அவள் ஒரு தாளை நீட்டினாள். "அனுதாபம் கிடைச்சதுன்னு இதுல ஒரு கையெழுத்து."

அடுத்தது சட்ட ஆலோசகர். மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அவரே பரிசு வாங்கும் படம். கண்டக்டர் கதையை ஆரம்பிப்பதற்குள் அவர் கையமர்த்தினார்.

"உங்களுக்குச் சட்டப்படி நாலு வழி இருக்கு பெரியவரே. முதல் வழி, முழுசாக் கட்டறது. ரெண்டாவது, தவணையில கட்டறது. மூணாவது, கட்ட வழியில்லைன்னு திவால் மனு போடறது. அதுக்கு முன்பணம் கட்டணும். கட்டிட்டீங்கன்னா உங்ககிட்ட பணம் இருக்குன்னு நிரூபணம் ஆயிடும், மனு தள்ளுபடி."

"நாலாவது?"

"அதுக்குத் தனிப் பிரிவு. அந்த அலுவலர் லீவு."

எப்போது வருவார் என்று கேட்டதற்கு, தான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் லீவுதான் என்றார் ஆலோசகர். பிறகு ஃபைலைப் புரட்டியவர் முகம் மலர்ந்தது. கண்டக்டர் கடைசியாகப் பணம் கட்டி இவ்வளவு வருடமாக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. சட்டத்தில் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. இனிமேல் யாரும் போகவும் முடியாது. சுருக்கமாகச் சொன்னால், கடன் செத்துவிட்டது.

கண்டக்டருக்கு நாற்காலியைவிட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கண் பணம் தப்பித்தது. தங்கைக்குப் பார்வை வந்துவிடும்.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாங்களா?"

"எப்படிப் போவீங்க? இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டாமா?"

கடன் செத்துவிட்டது என்பதற்குச் சான்றிதழ் இல்லையென்றால் நாளைக்கே எவனாவது உயிரோடு இருக்கிறது என்று கொண்டுவந்து நிறுத்துவான் என்றார். நியாயமாகத்தான் பட்டது. சான்றிதழ் கொடுப்பவர் கடன் பரிசோதகர். மாடியில் இருந்தார். அவருடைய அறைக்குப் போகும் வழியில், நடைபாதையின் கோடியில் பூட்டிய கதவு ஒன்று. மேலே 'நான்காம் வழிப் பிரிவு' என்று எழுதியிருந்தது. கதவில் இருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு போன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. கண்டக்டருக்குக் கை துறுதுறுத்தது.

பரிசோதகர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். ஃபைலை மேஜையில் மல்லாக்கப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தட்டிப் பார்த்தார்.

"செத்துதான் கிடக்கு. ஆனா அடையாளம் காட்ட நெருங்கின சொந்தம் ஒருத்தர் வேணும். நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இது உங்க கடன்தானா?"

கண்டக்டர் குனிந்து பார்த்தார். ஃபிரிட்ஜ் வாங்கிய ரசீது, கீழே தன் கையெழுத்து. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. என்னுடையதுதான் என்றார். அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் பரிசோதகர். எழுதிக் கொடுத்தார். பரிசோதகர் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, எழுந்து கை குலுக்கினார்.

"சந்தோஷம். கடனுக்கு உயிர் வந்துடுச்சு."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பரிசோதகர் பொறுமையாக விளக்கினார். செத்த கடனை வாங்கியவரே தன்னுடையது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டால் அது எழுந்து உட்கார்ந்துவிடும். அல்லது அதற்காக ஒரு காசு கட்டினாலும் போதும். இன்றிலிருந்து வருடக் கணக்கு புதிதாக ஆரம்பம்.

"நீங்க கேட்டதாலதானே ஒத்துக்கிட்டேன்?"

"கேக்காம எப்படிங்க சான்றிதழ் கொடுக்கறது?"

"அப்ப சான்றிதழைக் குடுங்க."

"உயிரோட இருக்கறதுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தா என் வேலை போயிடும்." பரிசோதகர் கையுறையைக் கழற்றினார். குரலில் தொழில் பெருமை வந்திருந்தது. "நான் இந்த மேஜைக்கு வந்ததிலேருந்து ஒரு கடன்கூடச் சாகலை. எவ்வளவு மோசமான நிலைமைல கொண்டுவந்தாலும் பிழைச்சுக்கும். என்னைக் கைராசிக்காரன்னு சொல்லுவாங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே பூதத்துக்குப் பதிவுக் கட்டணமும் இருந்தது. உயிர் பெற்ற கடனைப் பிறப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமாம். கண்டக்டர் கீழே இறங்கிவந்து கவுன்ட்டரில் ஒரு நோட்டை நீட்டினார். காசாளர் டிராயரைத் திறந்து காட்டினார். சில்லறை இல்லை. ரசீதின் பின்பக்கம் 'பாக்கி தர வேண்டியது' என்று எழுதி, தொகையைப் போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி, "அடுத்த தடவை வாங்கிக்கோங்க" என்றார். நகலை ஃபைலில் கோத்தார். அந்த நாளிலேயே கண்டக்டருக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்த காரியம் அதுதான். தன் தொழில் தெரிந்த ஒருவராவது இங்கே இருக்கிறாரே என்று ரசீதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். சின்னவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண் பணம்?" என்று மட்டும் கேட்டாள்.

கண்டக்டருக்குத் தன் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியாது என்பது அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்து அன்று முழுக்க வெட்கப்பட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் விசாரணை என்று கடிதம் வந்தது. சின்னவள் தானும் வருவேன் என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விசாரணை பெரிய கூடத்திலேயே நடந்தது. காத்திருப்பவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. மேடையில் வாரியத் தலைவர், ஒருபக்கம் சட்ட ஆலோசகர், மறுபக்கம் காசாளர். தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"முதியோர்களே, நாம எல்லாரும் தனிமையைப் பத்திக் கவலைப்படறோம். பிள்ளைங்க விட்டுட்டுப் போயிடறாங்க, பல்லு போயிடுது, முடி போயிடுது. கடைசிவரைக்கும் கூட இருக்கறது எது? கடன். அதுவும் செத்துப்போனா உங்களுக்கு யாரு இருக்கா? அதுக்காகத்தான் இந்த வாரியம் ராப்பகலா உழைக்குது. இங்க வந்த எந்தப் பெரியவருக்கும் கடன் தீர்ந்து போனதா எங்க மேல ஒரு புகார்கூட இல்லை."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

பிறகு உத்தரவு. கடன் இப்போதுதான் பிறந்த பச்சைக் குழந்தை. அதைப் பட்டினி போடக் கூடாது. கண்டக்டரின் பெயரில் ஒரு சேமிப்பு இருப்பதாக அவரே அனுதாபப் பிரிவில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அதை அப்படியே கடன் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கண் ஆபரேஷனுக்கான பணம் அது என்று கண்டக்டர் எழுந்து சொன்னார். தலைவர் பரிவோடு தலையசைத்தார். சட்டத்துக்கே கண் கிடையாது, அது நடக்கவில்லையா என்றார். பிறகு சின்னவளைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டாம்மா? சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறோம்" என்றார்.

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோதும் திறக்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் அங்கே இல்லாததால் மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்டக்டரிடம் பேனாவைக் கொடுத்தார்கள். தாளில் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். கண்ணாடியோடு ரசீதும் வந்தது. பின்பக்கம் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தார். போன டிரிப்பின் பாக்கியை வைத்துக்கொண்டு அடுத்த டிரிப்பை ஆரம்பித்த பழக்கம் அவருக்கு இல்லை.

"கையெழுத்துப் போடறேங்க ஐயா. அதுக்கு முன்னாடி என் மீதிச் சில்லறை வரணும்."

தலைவர் சிரித்தார். கொடுத்துவிடுங்கள் என்றார். காசாளர் நெளிந்தார். கவுன்ட்டரில் வாங்குவதற்குத்தான் ஓட்டை இருக்கிறது, கொடுப்பதற்கு விதிகளில் இடமில்லை என்றார். ஒரு சில்லறைக் காசுக்கு இவ்வளவு பேச்சா என்று தலைவர் தன் பையிலேயே கைவிட்டார். ஆலோசகர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"கொடுத்துடாதீங்க ஐயா. கொடுத்தா வாரியம் கடன்பட்டிருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கிட்டா என்ன?"

ஆலோசகர் வாரியத்தின் சொந்த வட்டி அட்டவணையை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தார். தராமல் விட்டதற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி, வட்டியைத் தெரிவிக்காத கடிதத்துக்கும் கட்டணம். ஃபிரிட்ஜ் கடனை ஒரு வீட்டு விலைக்கு ஏற்றிய அதே கணக்கு இந்தச் சில்லறையையும் வீடாக்கிவிடும். சரி, ஒரு வீடுதானே என்றார் தலைவர்.

அப்போது கூடத்தின் பின்வரிசையில் தபால்காரர் எழுந்தார். கையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. எல்லாம் ரசீதுகள், எல்லாவற்றின் பின்பக்கமும் காசாளர் கையெழுத்து.

"எனக்கும் வரவேண்டியது கொஞ்சம் இருக்குங்க" என்றார். இத்தனை வருடமும் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று இருந்துவிட்டாராம்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி கைப்பையைத் திறந்தார். அதற்குப் பக்கத்தில் ஒருவர் தலையணை உறைக்குள் கைவிட்டார். கூடம் முழுக்கத் தாள் சரசரத்தது. அந்த டிராயரில் ஒருநாளும் சில்லறை இருந்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. வாரியத்தின் மாடியே அந்தச் சில்லறையில் கட்டியது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

தலைவரின் நெற்றியில் வியர்வை. ஆலோசகரின் காதருகே குனிந்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் கூடத்துக்கே கேட்டது.

"நமக்குச் சட்டப்படி என்ன வழி இருக்கு?"

"நாலு வழி இருக்குங்க ஐயா. முதல் வழி, முழுசாக் கொடுக்கறது. ரெண்டாவது..."

"நாலாவதைச் சொல்லுய்யா."

ஆலோசகர் சொல்லவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். தலைவருக்குப் புரிந்தது. அவர் எழுந்தார், காசாளர் எழுந்தார், ஆலோசகர் கண்டக்டரின் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்காமல், யார் கேட்டதற்கும் பதில் சொல்லாமல், வரிசையாக மாடிப்படி ஏறினார்கள். நான்காம் வழிப் பிரிவின் பூட்டைத் திறந்து, ஃபைலை உள்ளே வைத்து, மறுபடி பூட்டினார்கள். அந்த ஃபைலில்தான் கண்டக்டரின் கடன் இருக்கிறது. காசாளரின் கையெழுத்து நகலும் அதிலேயே இருக்கிறது. இதைத் தொட்டால் அதையும் பார்த்ததாக ஆகிவிடும். ஆகவே இனி ஒருவரும் தொட மாட்டார்கள்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கண் பணம் கண்ணுக்கே போனது. ஒரு கண்ணில் கட்டோடு சின்னவள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த கண் இன்னும் கொஞ்ச நாளில்.

இப்போதெல்லாம் காலை பத்து மணிக்குப் போன் வருவதில்லை. கண்டக்டர்தான் வாரியத்துக்குப் போன் போடுகிறார். கடனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த அளவுக்குத் தங்கை பழக்கிவிட்டாள். ஆனால் சில்லறை வேறு விஷயம். அவருக்கு வரவேண்டியது வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறார். முதல் நாள் போனை எடுத்தவர்கள், உங்கள் கோரிக்கையை நான்காம் வழிப் பிரிவுக்கு மாற்றியாயிற்று என்று சொல்லி இணைப்பைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது.

கட்டு அவிழ்த்த அன்று சின்னவள் அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ரொம்ப இளைத்துப் போய்விட்டாய் என்றாள். அவர் காதில் போனை வைத்தபடி தலையை ஆட்டினார்.

"இன்னிக்காவது எடுத்துடுவாங்கம்மா."

"எடுக்க மாட்டாங்க அண்ணா," என்றாள் சின்னவள். "அவங்க சட்டம் படிச்சவங்க."